கூலண்ட் ஆவியாகுதாம்!

"கூலண்ட்னா கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகத்தான் சார் செய்யும், அப்பப்ப டாப் அப் பண்ணிக்கோங்க." இந்த டயலாக்கை இன்னொரு தடவை எந்த சர்வீஸ் அட்வைசராவது சொன்னா, அந்த ரோஸ் கலர் கூலண்ட் கேனை அப்படியே அவர் டேபிள் மேல கவுத்துடுவேன்.

என்ஜின் சூட்டைத் தணிக்க உள்ள சுத்திட்டே இருக்குற திரவம்தான் கூலண்ட். அடைச்சு வெச்ச சிஸ்டம்யா அது! பிரஷர் மூடி போட்டு ஓடுறது. தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சும்மா திறந்து வெச்சாலே 106, 107 டிகிரியிலதான் கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் சேந்துச்சுன்னா 125-ஐத் தாண்டணும். இதுல எங்க இருந்து ஆவியாகுறது? மாசா மாசம் கூலண்ட் டேங்க்ல 'மினிமம்' கோட்டுக்குக் கீழ இறங்குதுன்னா ஒண்ணு வெளிய ஒழுகுது, இல்ல உள்ள சிலிண்டருக்குள்ள போய் எரியுது. வேற வழியே கிடையாது.

என் வண்டி ஒரு லிட்டர், மூணு சிலிண்டர் டர்போ. கம்பெனி பேரு வேணாம். பார்க்கிங்ல கீழ ஒரு சொட்டு பாக்க முடியாது, அதான் சர்வீஸ்காரங்களுக்கு வசதியாப் போச்சு. கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் இருக்கே, அதோட கூடு, அதாவது ஹவுசிங், பிளாஸ்டிக். என்ஜினோட மேல்பாகமான அலுமினிய ஹெட்டோட அது சேர்ற இடத்துல ஓ-ரிங்னு ஒரு ரப்பர் வளையம். சூட்டுல பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒரே அளவுக்கா விரியும்? அங்க கசியுறது தரையைத் தொடுறதுக்குள்ள என்ஜின் மேலயே காய்ஞ்சு போயிடுது. ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழட்டி டார்ச் அடிச்சாத்தான் தெரியும்: ஜாயின்ட் ஓரம் பூரா உப்புப் பூத்த மாதிரி ரோஸ் கலர்ல ஒரு படிவு. விரல்ல தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, லேசா ஒரு இனிப்பு வாடை. இதை நான் காட்டினதும் அந்த சர்வீஸ் ஆளு என்ன பண்ணான் தெரியுமா? பனியன் வேஸ்ட் எடுத்து சுத்தமா தொடச்சான். "இப்பப் பாருங்க சார், லீக்கே இல்ல!"

அடப்பாவி.

சென்னை ஈக்காட்டுத்தாங்கல்ல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் கிட்ட போனேன். டேங்க் மூடியைக் கழட்டிட்டு பிரஷர் டெஸ்டரை மாட்டினாரு, கையால நாலு பம்ப் அடிச்சாரு. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பிரஷர் முள்ளு இறங்கிடுச்சு, அப்ப லீக்தான். "தம்பி, ஓ-ரிங் மட்டும் தர மாட்டான். ஹவுசிங், தெர்மோஸ்டாட் எல்லாம் சேத்து அசெம்ப்ளியாத்தான் வாங்கணும்"னாரு. வாரண்டி கேட்டா கம்பெனி சர்வீஸ்ல வேற பாட்டு: ரப்பர் ஐட்டம் எல்லாம் தேய்மானக் கணக்காம்.

டர்போவை நான் திட்டல. அந்த இழுவைக்காகத்தான் வாங்கினதே. ஆனா இந்த குட்டி என்ஜின் மோகம் எங்க இருந்து வந்துச்சு? வரியில இருந்து. நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள இருந்தாத்தான் சின்ன கார். 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டியை மாத்தினப்பவும் அதே கோடுதான். உள்ள இருந்தா 18 சதவீதம், தாண்டினா 40. அதனால சின்ன மூக்குக்குள்ள இன்டர்கூலர், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர்னு எல்லாத்தையும் திணிக்கிறாங்க. டர்போவுக்குள்ள போற புகை 900 டிகிரி வரைக்கும் போகும். கத்திரி வெயில்ல, மெட்ரோ வேலைக்கு ரோட்டை அடைச்சு வெச்ச ஓஎம்ஆர்ல ஃபர்ஸ்ட் கியர்லயே ஊர்ந்துட்டுப் போறோம். எதிர்க்காத்து கிடையாது, எல்லாம் ஃபேன் பாடுதான். ஆஃபீஸ் வந்து வண்டியை ஆஃப் பண்ணதும் அந்தச் சூடு மொத்தமும் பக்கத்துல இருக்குற பிளாஸ்டிக்ல இறங்குது. வருஷக்கணக்கா வெந்தா நைலான் மொறுமொறுன்னுதான் ஆகும். இது டிசைன் பண்ணவனுக்குத் தெரியாதா?

சரி, ஒழுகுறது ஒழுகட்டும். சொல்லவாவது செய்யலாம்ல? டேஷ்போர்டுல இருக்குற டெம்பரேச்சர் முள்ளு பச்சைப் பொய். 80-லயும் நடுவுல நிக்கும், 100-லயும் நடுவுலயே நிக்கும். கஸ்டமர் பயப்படக் கூடாதுன்னு சாஃப்ட்வேர்லயே அப்படி அமுக்கி வெச்சிருக்காங்க. சில வண்டியில முள்ளே இல்ல, ஒரு சிவப்பு லைட்டோட சரி. கூலண்ட் மொத்தமா வடிஞ்சுட்டா சென்சார் வெறும் காத்துல நின்னு தப்பாக்கூட காட்டும். சிவப்பு எரியுறப்ப ஹெட் வளைஞ்சு, அதுக்கு அடியில இருக்குற கேஸ்கட் போய், கூலண்ட் கலந்து ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கும். அப்புறம் லேத்துல குடுத்து ஹெட்டை மட்டமாத் தேய், பில்லைக் கட்டு.

டேங்க்ல கூலண்ட் லெவல் சென்சார்னு ஒண்ணு வெச்சா முடிஞ்சுது. ஒரு மிதவை, ஒரு காந்தம், அவ்வளவுதான். அமெரிக்காவுல ஃபோர்டு 1.6 லிட்டர் எகோபூஸ்ட் என்ஜின்ல கூலண்ட் சரியா ஓடாம, ஹெட்ல விரிசல் விட்டு, ஆயில் கசிஞ்சு, தீயே பிடிச்சு, 2017-ல 2 லட்சத்துக்கும் மேல வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க. அதுக்குப் பரிகாரமா என்ன மாட்டினாங்க? இதே லெவல் சென்சார்தான்! அதை முதல்லயே வெச்சுத் தொலைக்கிறதுக்கு என்ன கேடு? சன்ரூஃப் வைக்கக் காசு இருக்கு, கலர் கலரா லைட் வைக்கக் காசு இருக்கு, இதுக்கு இல்ல.

2021 ஏப்ரல்ல இருந்து நம்ம நாட்டுலயும் இப்படித் திரும்பக் கூப்பிட வைக்கிற கட்டாய ரீகால் விதி இருக்கு, 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. ஆனா ஓனருங்க குடுக்குற புகார் எண்ணிக்கையை வெச்சுத்தான் அது நகரும். அதனால ரோஸ் படிவைப் பாத்தா எவனையும் தொடைக்க விடாதீங்க, முதல்ல போட்டோ எடுங்க. சர்வீஸுக்கு விடுறப்ப புகாரை எழுதுற ஜாப் கார்டுல 'கூலண்ட் லெவல் குறையுது'ன்னு உங்க கண் முன்னாடி எழுத வைங்க. 'ஜெனரல் செக்கப்'னு மட்டும் எழுதிட்டு கையெழுத்துக்கு நீட்டுவானுங்க. போடாதீங்க.