அசதிக்கு மருந்து மலையேற்றம் அல்ல

மாசக்கணக்கில் அசதி என்று சொல்பவரிடம் "ஏற்காடு போய் நாலு நாள் நல்லா நடந்துட்டு வா, சரியாயிடும்" என்பது நம்ம சேலத்தில் வழக்கம். தயவுசெய்து சொல்லாதீர்கள். அது நாட்பட்ட சோர்வு நோயாக இருந்தால் அந்த நடையே ஆளைப் படுக்கையில் தள்ளும். சக்திக்கு மீறி உழைத்தால் இந்த நோய் பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் திருப்பி அடிக்கும். ஞாயிறு பகோடா பாயிண்ட் வரை நடந்தவர் செவ்வாய் எழ முடியாமல் கிடப்பார். இரண்டுக்கும் தொடர்பு இருப்பது வீட்டில் யாருக்கும் தோன்றாது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சை வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2021இலேயே சொல்லிவிட்டது.

இப்போது இந்த நோய்க்கு 'மூளைக் கழிவு தேங்குவதே காரணம்' என்ற பேச்சு பரவுகிறது. அடிப்படை அறிவியல் உண்மையானது. மூளைத் தண்டுவட நீர் நம்மிடம் சுமார் 150 மில்லி இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லி சுரக்கிறது. அது தமனிகளைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக இறங்கி, ஆஸ்ட்ரோசைட் எனப்படும் மூளைத் துணைச் செல்களின் அக்வாபோரின்-4 நீர்வழிகள் உதவியோடு மூளைத் திசுவுக்குள் புகுந்து, கழிவை அலசிக்கொண்டு வெளியேறுகிறது. இதை 2012இல் எலிகளில் காட்டியது ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கன் நெடர்கார்டு குழு. தூக்கத்தில் செல்களுக்கு இடையிலான வெளி சுமார் 60 சதவீதம் விரிகிறது, அதனால் கழிவு வேகமாக அகல்கிறது என்றார்கள் 2013இல். 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வு, எலிகளிலேயே, தூங்கும்போது கழிவகற்றம் குறைகிறது என்றது. சண்டை இன்னும் ஓயவில்லை.

எவ்வளவு தூங்கினாலும் தெளியாத உடம்பு, பாதி வாக்கியத்தில் மறந்துபோகும் சொல் என்று நோயாளிகள் படும் பாட்டைப் பார்த்தால் இந்த ஊகம் நியாயமாகவே படுகிறது. ஆனால் இன்னும் ஊகம்தான். இதை நம்பி 'மூளை டீடாக்ஸ்' பொடிக்கும் கழுத்து மசாஜ் பேக்கேஜுக்கும் பணம் கட்டாதீர்கள்.

அந்தப் பணத்தில் முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, பி12, சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம்) பாருங்கள். குறட்டை இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். 10 நிமிடம் படுத்து நாடித்துடிப்பைக் குறியுங்கள். பிறகு சுவரில் சாய்ந்து 10 நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணுங்கள். மயக்கம் வரலாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் ஏறி அப்படியே நீடித்தால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

களைக்கும் முன்பே வேலையை நிறுத்துவதுதான் இந்த நோயில் முக்கியம். ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள், உட்கார்ந்தே காய் நறுக்குங்கள். உடம்பு தெம்பாக இருக்கும் நாளில்தான் பலரும் விட்ட வேலையெல்லாம் சேர்த்துச் செய்து விழுகிறார்கள். தறி ஓட்டுபவராக இருந்தால் வாராவாரம் ஷிப்ட் மாறாமல் ஒரே ஷிப்ட் கேளுங்கள். தூங்கும் நேரமாவது நிலையாக இருக்கும்.