பாயைத் தட்டியதும் விடுவதும் நாடகமா?
"போட்டிக்கு முன் திட்டிக்கொள்வதுதான் நிஜம், முடிந்ததும் கட்டிப்பிடிப்பது கேமராவுக்கான நாடகம்" என்று, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை பற்றிய இந்தக் கட்டுரையில் வரும் வரி எனக்குத் தலைகீழாகப் படுகிறது. திட்டுவதுதான் பெரும்பாலும் டிக்கெட் விற்க. 2018-ல் சக வீரர் மெக்ரிகரை வென்ற கையோடு கபீப் என்ற வீரர் கூண்டைத் தாண்டிக் குதித்து மெக்ரிகரின் ஆட்களோடு மோதியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, சரி. அடுத்த ஆண்டே அபுதாபியில் டஸ்டின் போரியேவை வென்ற அதே கபீப், அவருடைய சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டாரே, அதை விற்ற பணமும் போரியேவின் அறக்கட்டளைக்கே போனதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? குன்னூரில் சில வருடம் குத்துச்சண்டை பழகினேன். ஜூடோ தெரிந்த பையன் ஒருவன் அங்கே வருவான். நாலு குத்தில் ஆளை முடித்துவிடலாம் என்று எனக்கு நினைப்பு. முதல் நாளே காலை வாரிக் கீழே போட்டு, கையை மடக்கிவிட்டான். தோற்றேன் என்பதற்கு அடையாளமாகப் பாயைத் தட்டினேன், அந்த நொடியே விட்டான். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் முழங்கை போயிருக்கும். அங்கே கேமரா ஏது, ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம்தான். அப்புறம் ஆறு மாதம் நான் அவனுக்குக் குத்தவும், அவன் எனக்கு அடிபடாமல் விழவும் சொல்லிக்கொடுத்தோம். மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் 'தரையில் உருள்வதெல்லாம் ஒரு சண்டையா' என்று கேட்டிருக்கிறார். 1993-ல் நடந்த முதல் யூஎஃப்சி கூண்டுச் சண்டைப் போட்டியில் ஹாய்ஸ் கிரேசி என்ற வீரர், தன்னைவிடக் கனமான மூன்று பேரை ஒரே இரவில் அப்படித்தான் பணிய வைத்தார். கடைசி ஆள் கிரேசியின் காதைக் கடித்த கோபத்தில், அந்த ஆள் தட்டிய பிறகும் கிரேசி கொஞ்ச நேரம் கழுத்தை விடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.