லைட்டை அணைச்சா மட்டும் பில் குறையாது

"சிக்கனக் குணம் உள்ளவன் லைட்டை அணைப்பான், பில் தானா குறையும்"னு மேல போட்டிருக்கீங்க அண்ணாச்சி. கணக்கு அப்படி இல்ல. 9 வாட் எல்இடி பல்பு தினம் 5 மணி நேரம் எரிஞ்சாலும் ரெண்டு மாசத்துக்கு 2.7 யூனிட்தான். 75 வாட் சீலிங் ஃபேன் தினம் 10 மணி நேரம் முழு வேகத்துல ஓடினா 45 யூனிட். மனசு லைட்டைத்தான் பார்க்கும். கை பழக்கத்துல ரெகுலேட்டரை 5-லயே விட்டிரும். ஆடிச் சாரல்ல அம்பாசமுத்திரம் பக்கம் போர்வையும் போத்திக்கிட்டு ஃபேனையும் 5-ல ஓட்டுற வீடு எத்தனை!

2-ல வச்சா மிச்சம் உண்டு, எலக்ட்ரானிக் ரெகுலேட்டரா இருந்தா. பழைய பெட்டி ரெகுலேட்டர்னா தொட்டுப் பாருங்க, சுடும். மிச்சமாக வேண்டிய கரண்டுல கணிசமா அந்தச் சூட்டுலயே போயிரும். மோட்டாரைப் போட்டுட்டு மறக்கிறவங்களுக்குக் குணம் உதவாது, டேங்க் நிறைஞ்சதும் மோட்டாரைத் தானா நிறுத்துற ஃப்ளோட் சுவிட்ச் மாட்டணும்.