ராஜாஜி தேர்ந்தெடுத்த சிறிய அறைகள்

குடியரசுத் தலைவர் மாளிகை என்றதும் 340 அறைகள், 330 ஏக்கர் என்று அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அந்த வீட்டில் நம்மவர் ஒருவர் செய்த காரியத்தை நாமே பேசுவதில்லை என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம்.

1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று தர்பாரில் அறிவித்தார். வைஸ்ராய்க்கு வீடு கட்ட நிலம் வேண்டுமே! ரைசினா, மால்சா கிராமங்களில் உழுது பிழைத்த சுமார் 300 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. மாளிகை எழுந்த குன்றுக்கு ரைசினா என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

எட்வின் லுட்யன்ஸ் வரைந்த மாளிகை 1929இல்தான் முடிந்தது. குவிமாடத்துக்கு மாதிரி சாஞ்சி ஸ்தூபி. தூண்களின் உச்சியில் கல்லால் ஆன மணிகள் தொங்குகின்றன. காற்றடித்தாலும் அசையாத மணிகள். மாளிகைக்கு ஏறும் சாலையின் அடியில் உள்ள விஜய் சௌக் சதுக்கத்தில் நின்று பாருங்கள்: மாளிகை மேட்டுக்குப் பின்னால் அமிழ்ந்துபோய், குவிமாடம் மட்டும் எட்டிப்பார்க்கும். அந்தச் சாலையின் ஏற்றம் குறித்து லுட்யன்ஸுக்கும், செயலகக் கட்டடங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கருக்கும் மூண்ட சண்டை பல ஆண்டுகள் ஆறவே இல்லை.

இர்வின் பிரபு 1931இல் குடியேறினார். பதினாறே ஆண்டுகளில் ஆங்கிலேயர் ஆட்சி முடிந்தது. இதை மருத்துவமனையாக்கிவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போகலாமே என்று கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனிடம் காந்தி சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாக ராஜாஜி வந்தார். வைஸ்ராய்கள் புழங்கிய பிரம்மாண்டமான அறைகள் அவருக்கு ஒப்பவில்லை. அதே மாளிகையில் சிறிய அறைகள் கொண்ட ஒரு பகுதிக்குத் தன் ஜாகையை மாற்றிக்கொண்டார். பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அங்கேயே குடியிருந்தார்கள். பெரிய அறைகள் விருந்தினருக்கு என்றாயின. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது மாளிகை வளாகத்தின் ஒரு பகுதியை உழவைத்துக் கோதுமை விதைத்தார். உழவர்களிடமிருந்து பறித்த மண்ணில் மறுபடி ஏர் ஓடியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

மொகல் தோட்டம் 2023இல் அம்ரித் உத்யான் ஆனது. தர்பார் மண்டபம் 2024இல் கணதந்திர மண்டபம் ஆனது. பெயர் மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ராஜாஜி கைவைத்தது தன் படுக்கையறையில். பதவிக்கு வந்த ஒருவர், தனக்கென்று காத்திருந்த வசதியை வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் அந்த வீட்டில் நடந்த பெரிய மாற்றம் என்று உறுதியாகச் சொல்வேன். ராஜாஜியின் அரசியலோடு எனக்கு ஆயிரம் முரண்பாடுகள் உண்டு; இந்த விஷயத்தில் அவர் முன் தலைவணங்குகிறேன்.

இதைப் பள்ளிப் பாடத்தில் வைக்க வேண்டும். வளாகத்தில் ஒரு கல்வெட்டில் ரைசினா, மால்சா மக்கள் இழந்ததையும் பொறிக்க வேண்டும். அடுத்த முறை மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள், கோதுமை விளைந்த இடம் எது என்று தயவுசெய்து அங்கே கேளுங்கள்.