நூலகப் புத்தகத்தைத் துவைக்கிற கல்லில் வைத்த அக்காவுக்கு

மூன்று ராத்திரியாக எங்கள் வீட்டில் விளக்கை அணைக்க முடியவில்லை. பதினோரு வயது மகள் தூங்க மாட்டேன் என்கிறாள். கண்ணை மூடினால் ஏதோ உள்ளே வந்துவிடுமாம். "அம்மா, நான் பாதிதான் படிச்சேன். பாதி படிச்சாலும் வருமா?" என்று கேட்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்ததும் எல்லாருக்கும் காபி கலக்க அடுப்படிக்குப் போயிருந்தேன். ஜன்னல் திட்டில் மகள் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எடுத்துவந்த, மந்திரம் கற்கும் ஒரு பையனின் கதையான ஹாரி பாட்டர் முதல் பாகம் கிடந்திருக்கிறது. ஜெபக்குழுவில் மூத்தவர், எனக்கே ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொன்னவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அதைக் கையில் எடுத்திருக்கிறார். "இது சாத்தானோட புஸ்தகம் பாப்பா. இதுல இருக்கிற மந்திரத்தை வாசிச்சா அசுத்த ஆவி உள்ள வந்துரும்" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, புத்தகத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் காபித் தட்டோடு வந்தபோது மகள் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பேச்சே வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் வைக்க மனசில்லை என்று கொல்லையில் துவைக்கிற கல்மேல் வைத்திருந்தார். ராத்திரி பனியில் நனைந்து பக்கங்கள் உப்பிப்போயிருந்தன. சாயங்காலம் எரிப்பதாக இருந்தாராம்.

"நீங்க வாசிச்சீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"விஷம்னு தெரிஞ்சா யாராவது குடிச்சுப் பார்ப்பாங்களா?" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பிரசங்கத்தில் கேட்டாராம். அவ்வளவுதான்.

இந்தப் பதில் புதிதில்லை. 2001 டிசம்பர் 30ஆம் தேதி அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோ ஊரில் ஒரு சபை இந்தப் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தது. அதை நடத்திய போதகரும் தான் வாசித்ததில்லை என்று ஒப்புக்கொண்டவர்தான். 2019இல் போலந்தின் க்தான்ஸ்கில் குருமார்கள் எரித்தார்கள், பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அதே வருஷம் நாஷ்வில்லில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் நூலகத்திலிருந்து ஏழு பாகங்களையும் எடுத்தார் அங்குள்ள பங்குக்குரு. புத்தகத்தில் இருக்கும் மந்திரங்கள் நிஜ மந்திரங்கள், வாசித்தால் தீய ஆவிகளை வரவழைக்கும் ஆபத்து உண்டு என்று பெற்றோருக்கு எழுதினார். அக்கா என் மகளிடம் சொன்னதும் அதேதான்.

இங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. என் மகள் அந்தப் புத்தகத்தைப் பத்து நாளாக வாசித்தாள். ஒரு நாளும் பயப்படவில்லை. துடைப்பத்தில் யாரும் பறக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மந்திரம் நிஜம், அது உனக்குள் வேலை செய்யும் என்று அவளிடம் முதன்முதலில் சொன்னது நீங்கள்தான் அக்கா.

வேதத்தில் கர்த்தர் அருவருக்கிறவர்களைப் பட்டியலிடும் உபாகமம் 18ஐக் காட்டினீர்கள். நானும் அதை வாசித்திருக்கிறேன். "தன் குமாரனையாவது தன் குமாரத்தியையாவது தீக்கடக்கப்பண்ணுகிறவனும்" என்றுதான் அந்தப் பட்டியலே தொடங்குகிறது. பிள்ளைக்குச் செய்யும் கொடுமைதான் அங்கே முதலில் நிற்கிறது. அடுத்து குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன். நம் சபையில் எத்தனை கல்யாணத்துக்கு நாள் பார்த்தே மண்டபம் பிடித்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை யாரும் துவைக்கிற கல்லில் வைக்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளையிடம்தான் அந்த வசனத்துக்கு இவ்வளவு வேகம் வருகிறது.

கற்பனைக் கதையே பொய், பொய் பாவம் என்றீர்கள். வேதத்தில் நியாயாதிபதிகள் 9இல் யோத்தாம் மலையுச்சியில் நின்று ஜனங்களுக்குச் சொல்வது என்ன? மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடிப் போகின்றன. ஒலிவமரம் மாட்டேன் என்கிறது, அத்திமரம் மாட்டேன் என்கிறது, கடைசியில் முட்செடி ஒத்துக்கொள்கிறது. மரம் பேசாது என்று யோத்தாமுக்குத் தெரியாதா? நேராகச் சொன்னால் காதில் ஏறாது என்றுதானே கதையாகச் சொன்னான்?

இன்னொன்று. நான் ஆறாவது படிக்கும்போது வேத வசனப் போட்டியில் ஜெயித்ததற்கு, ஒரு விசுவாசி மோட்சத்துக்கு நடந்துபோகும் கதையான மோட்சப் பிரயாணம் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்ததே நீங்கள்தான். அதில் வரும் அப்பொல்லியோன் என்ற பிசாசுக்கு மீன் போல செதிள், பறவைநாகம் போல சிறகு, கரடிக் கால், சிங்க வாய், வயிற்றிலிருந்து தீயும் புகையும். சந்தேகக் கோட்டையில் ஓர் அரக்கன் வேறு இருக்கிறான். ராத்திரி போர்வைக்குள் டார்ச் அடித்து வாசித்தேன். அது 1678இல் வெளிவரும் முன்பே, இப்படிக் கற்பனையாக எழுதலாமா என்று அதை எழுதிய ஜான் பன்யனின் நண்பர்களே இரண்டு பட்டிருக்கிறார்கள். அச்சிடு என்று சிலர், வேண்டாம் என்று சிலர். வேதமே உவமைகளில் பேசவில்லையா என்று அவர் முன்னுரையிலேயே பதில் எழுதிவிட்டார். அந்தக் கதையைத்தான் நம் திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, கம்பனில் ஊறிய மனிதர், இரட்சணிய யாத்திரிகம் என்று காப்பியமாகப் பாடினார். 1894இல் வந்தது. அதன் பாட்டைப் பாடித்தானே அக்கா நீங்கள் துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிறீர்கள்? அன்று வேண்டாம் என்றவர்கள் ஜெயித்திருந்தால் அந்தப் பாட்டு ஏது?

பிள்ளைகள் எதை வாசிக்கிறார்கள் என்று பெற்றவர்கள் பார்க்கத்தான் வேண்டும். அவள் வயதுக்கு ஆகாத ஒரு பேய்க்கதைப் புத்தகத்தை நானே போன வருஷம் அவள் கையிலிருந்து வாங்கி மேலே வைத்தேன். ஏன் என்று உட்கார்ந்து சொன்னேன். ஆனால் அதை நான் முதலில் வாசித்தேன். ஹாரி பாட்டரையும் வாசித்தேன், ஏழு பாகமும். ஏழாவதில் அந்தப் பையன் தன் அப்பா அம்மாவின் கல்லறையைத் தேடிப் போகிறான். கல்லில் பொறித்திருப்பது 1 கொரிந்தியர் 15:26. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்." என் அப்பாவை அடக்கம் செய்த அன்று நம் சபை ஐயர் வாசித்த அதே அதிகாரம். அந்தப் பக்கத்தில் நான் அழுதேன். நீங்கள் எரிக்க வைத்திருந்த கதை அங்கேதான் போய்ச் சேருகிறது.

புத்தகத்துக்கு நான் பணம் கட்டிவிடுகிறேன். அது பெரிய விஷயமில்லை. ஆனால் என் மகளிடம் நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "அந்தப் பெரியம்மா பொய் சொல்ல மாட்டாங்கல்ல?" என்கிறாள். உங்கள்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. அதனால் நீங்கள்தான் வர வேண்டும் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து, "நான் வாசிக்காமல் சொல்லிட்டேன் பாப்பா, உனக்குள்ள ஒண்ணும் வராது" என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இன்றைக்கு ராத்திரிக்குள் வந்தால் நல்லது. நாளை அவளுக்குப் பரீட்சை.