லோகோமோட்டிவுக்கு இது முதல் பட்டம் அல்ல
ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகர ஐஸ் ஹாக்கி அணியான லோகோமோட்டிவ் 2011 விமான விபத்தில் அழிந்துபோனதாகவும், 2025இல் முதல் பட்டம் வென்றதாகவும் ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. முதல் ககாரின் கோப்பை (முதன்மை லீக்கான KHL-இன் சாம்பியன் கோப்பை) என்றால் சரி. ஆனால் 1997, 2002, 2003 என மூன்று முறை ரஷ்ய சாம்பியன் ஆன அணி இது; 1997இல் பெயர் டார்பிடோ. அப்புறம், அணி அழியவும் இல்லை. சீசனின் முதல் ஆட்டத்துக்காக மின்ஸ்க் கிளம்பிய விமானம் விழுந்து 44 பேர் இறந்தார்கள். ஆட்டக்காரர்களில் அலெக்சாண்டர் கலிமோவ் மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டார். யாரோஸ்லாவ்லிலேயே பிறந்த பையன், உடலெல்லாம் தீக்காயம், ஐந்தாம் நாள் அவரும் போய்விட்டார். மற்ற அணிகள் ஆட்டக்காரர்களைத் தர முன்வந்தும் கிளப் அந்த சீசனின் முதன்மை லீக்கை விட்டுக்கொடுத்தது. டிசம்பரில் தன் இளைஞர்களோடு இரண்டாம் நிலை லீக்கில் இறங்கியது. கோப்பையைவிட எனக்கு அந்த டிசம்பர்தான் பெரிது.