ஆயுளுக்கும் செல்லாது

“மருத்துவ லேப் வல்லுநர்களுக்கு ஏஎஸ்சிபி என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் எம்எல்எஸ் சான்றுப் பரீட்சையை ஒரு தடவை பாஸ் பண்ணினால் ஆயுசுக்கும் போதும், அமெரிக்காவில் எந்த மாநில லேபிலும் சேரலாம்” என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். தப்புங்க. 2004க்கு முன்னால் சான்று வாங்கிய சீனியர்களுக்குத்தான் சான்று ஆயுசுக்கும் செல்லும் என்கிற சலுகை. அப்புறம் வந்தவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 36 தொடர்கல்விப் புள்ளி காட்டணும், அதிலும் ரத்த வங்கி, கெமிஸ்ட்ரி, ஹெமட்டாலஜி, மைக்ரோபயாலஜி, லேப் பாதுகாப்பு எல்லாவற்றிலும் கொஞ்சமாவது இருக்க வேண்டும், பிடித்த ஒரே பாடத்தில் மொத்தத்தையும் அள்ளிக்கொள்ள முடியாது. கலிஃபோர்னியா, நியூயார்க் என்றால் மாநில லைசென்ஸ் தனி. கலிஃபோர்னியாவில் இரண்டு வருஷத்துக்கு 24 மணி நேரத் தொடர்கல்வி இல்லையென்றால் புதுப்பிக்கவே விட மாட்டார்கள். டெக்சாஸில் மாநில லைசென்ஸ் கிடையாது, அதைப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார் போல. ‘பேஸ்’ (லேப் தொடர்கல்விக்கான அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உள்ள கோர்ஸாகப் பார்த்து எடுங்கள், ஒரே சான்றிதழ் ஏஎஸ்சிபி புள்ளி, கலிஃபோர்னியா லைசென்ஸ் இரண்டு கணக்குக்கும் ஆகும்.